பெரிய பஃபரை ஒரே துண்டாகத் தருமா சிஎம்ஏ? வன்னி ஆலைக் கமராக்களுக்கான மதிப்பீடு

காலபோக அறுவடை தொடங்கிவிட்டால் பரந்தன், கிளிநொச்சி, முருங்கன் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு இரவு பகல் கிடையாது. அந்த நேரம் பார்த்துக் அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோட்டரின் கமரா படுத்துவிட்டால் மூடைகள் வாசல்வரை அடுக்கேறும். கமரா நிற்பதற்குக் கண்ணாடியில் உமித்தூசி, வயர் தளர்வு, மின்னழுத்த ஏற்ற இறக்கம் என்று ஆயிரம் காரணம். ஆனால் கமராவும் வயரும் நன்றாக இருந்து, கணினியை நிறுத்திப் போட்டால் வேலை செய்து, சில நாள் கழித்து அதே பழுது திரும்பி வந்தால், கமராவை இயக்கும் ட்ரைவர் நிரல், இயங்குதளத்தின் மையமான கேர்னலிடம் பெரிய நினைவகத் துண்டு (பஃபர்) கேட்கும் அந்த ஒரு வரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே மதிப்பிடப்படுவது லினக்ஸ் கேர்னலோடு இலவசமாக வரும் சிஎம்ஏ (கொன்டிகுவஸ் மெமரி அலொக்கேட்டர்). ஒட்டியிருக்கும் பௌதிக நினைவகத்தைப் பெரிய அளவில் பிரித்துத் தரும் பகுதி அது. சாம்சங் பொறியியலாளர்கள் எழுதியது, 2012ல் 3.5 ஆம் பதிப்போடு கேர்னலுக்குள் வந்தது. அதற்குப் பக்கத்தில் நினைவகம் எடுக்கும் மற்ற வழிகளான கேமலொக், வீமலொக், பூட் நேர ஒதுக்கீடு, சிதறிய துண்டுகளில் சாதனமே எழுதும் ஸ்கட்டர்-கதர் ஆகியவற்றையும் வைத்துப் பார்க்கிறோம். கணக்கில் எடுத்த பொறிகள் இரண்டு: கமரா ரிப்பன் பூட்டிய ராஸ்பெரி பை 4 என்ற சிறு போர்டுக் கணினி, கமராப் படத்தை வாங்கும் பிசிஐஇ அட்டை (ஃபிரேம் கிராபர்) செருகிய சாதாரண மேசைக் கணினி. மணி பிரிக்கும் கமராவை இறுதியாண்டு வேலையாக எடுக்க நினைக்கும் அறிவியல் நகர், வவுனியாப் பல்கலைக்கழக மாணவருக்கும், ஏ9 வீதி ஓரம் ஆலை இயந்திரம் திருத்துவோருக்கும் இது கைகொடுக்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லலாம். ஸ்கட்டர்-கதர் தெரியாத கமராவுக்குச் சிஎம்ஏதான் சரியான தெரிவு. ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். அளவைச் சரியாகக் குறித்து, ட்ரைவர் ஏறும்போதே எடுத்து, இறங்கும்வரை கையை விடாமல் வைத்திருப்பவருக்குத்தான் அந்த நான்கு. ஒவ்வொரு முறை கமரா தொடங்கும்போதும் கேட்டு, நிறுத்தும்போது திருப்பிக் கொடுப்பவருக்கு அது இரண்டைத் தாண்டாது.

கட்டளைகளினதும் செயற்கூறுகளினதும் பெயர்களைக் கீழே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், அடிக்கோடு உள்ள இடத்தில் அடிக்கோடு இட்டுத் தட்டுங்கள். ஜிஎஃப்பி_, கொன்ஃபிக்_ என்று தொடங்கும் பெயர்கள் மட்டும் பேரெழுத்து.

முதலில் கணக்கு

கேர்னல் நினைவகத்தை 4096 பைட் பக்கங்களாகப் பார்க்கிறது. பக்கங்களை இரண்டின் அடுக்குகளாகச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கும். ஓடர் 0 என்றால் ஒரு பக்கம், ஓடர் 1 இரண்டு, ஓடர் 2 நான்கு. இப்படியே ஓடர் 10 வரை, அதாவது 1024 பக்கம், 4 மெகாபைட். அதற்கு மேல் ஒரே கட்டு இல்லை.

1920 × 1080 அளவுள்ள ஒரு படத்தில், அதாவது ஃபிரேமில், 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் என்றால் 41,47,200 பைட், 1013 பக்கம். ஓடர் 10க்குள் மயிரிழையில் அடங்கிவிடும். மிச்சம் 47,104 பைட்தான். ஃபிரேமின் வாலில் 64 கிலோபைட் மேலதிகத் தரவு சேர்த்தால் போச்சு. புள்ளிக்கு 4 பைட் என்றால் 82,94,400 பைட், சரியாக 2025 பக்கம். இது ஓடர் 10ஐப் போல இரண்டு மடங்கு. ஓடும் கமராவுக்கு ஒரு பஃபர் போதாது. ஒன்று நிரம்ப, ஒன்றைப் பார்க்க, இரண்டு வரிசையில் நிற்க, குறைந்தது நான்கு வேண்டும். நான்குக்கு 3,31,77,600 பைட், கிட்டத்தட்ட 31.6 மெகாபைட்.

எந்த ஒதுக்கீட்டு வழியைப் பிடிப்பது என்று யோசிக்க முன்னம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக்கொள்ள வேண்டும். பிழையான தெரிவுகள் பலவும் இந்தக் கணக்கைப் போடாததால் வருபவை.

கேமலொக்: சிறியதுக்கு அருமை, பெரியதுக்கு ஆபத்து

நூறு இருநூறு பைட் கட்டமைப்புகளுக்குக் கேமலொக்கை மிஞ்ச ஒன்றும் இல்லை. 8 கிலோபைட்டுக்கு மேல் போனதும் அது நேரே பக்கக் கட்டுகளைத்தான் கேட்கிறது. கேட்டதை இரண்டின் அடுத்த அடுக்குக்குத் தூக்கியும் விடுகிறது. 2.1 மெகாபைட் கேட்டால் 4 மெகாபைட் போய்விடும். மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க அலொக்_பேஜஸ்_எக்ஸாக்ட் உண்டு. அதுவும் முதலில் பெரிய கட்டை எடுத்த பிறகே வாலை வெட்டும்.

5 மெகாபைட் கேட்டால் கேமலொக் எந்த நாளிலும் தராது. இது நல்ல பழுது: முதல் நாளே தெரிந்துவிடும். 4 மெகாபைட் கேட்பதுதான் கெட்ட பழுது. பூட் ஆன கையோடு கொடுக்கும், ஒரு கிழமை ஓடிய பிறகு மறுக்கும். ஓடர் 3 வரை, அதாவது 32 கிலோபைட் வரைதான் கேர்னல் விடாப்பிடியாகத் தேடித் தரும். அதற்கு மேற்பட்டதை "விலை கூடிய ஓடர்" என்று வைத்திருக்கிறது. கொஞ்சம் முயன்று பார்த்து, கிடைக்காவிட்டால் கையை விரித்துவிடும்.

ஏன் மறுக்கிறது என்பதைக் கண்ணால் காண /ப்ரொக்/படிஇன்ஃபோ கோப்பைத் திறவுங்கள். ஒவ்வொரு நினைவக வலயத்தின் வரியிலும் பதினொரு எண்கள் இருக்கும். இடமிருந்து வலமாக ஓடர் 0 முதல் 10 வரை எத்தனை கட்டு வெறுமையாக உள்ளது என்பது. கணக்குக் காட்ட இப்படி ஒரு வரியை எடுப்போம்:

4120 2210 960 310 42 6 1 0 0 0 0

4120 ஒற்றைப் பக்கம், 2210 இரட்டை, 960 நான்கு, 310 எட்டு, 42 பதினாறு, 6 முப்பத்திரண்டு, ஒரேயொரு அறுபத்துநான்கு. கூட்டினால் 15,788 பக்கம், 61 மெகாபைட்டுக்கும் மேல் வெறுமை. ஆனால் ஒரே துண்டாகக் கிடைக்கக்கூடிய பெரியது 64 பக்கம், 256 கிலோபைட். ஃப்ரீ கட்டளை இடம் இருக்கிறது என்று காட்டும், ட்ரைவருக்கு இல்லை. கேர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் டிமெசெக்கில் "பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர்: ஓடர்:10" என்ற வரி விழுந்திருக்கும். அந்த எச்சரிக்கையைப் பார்க்கச் சகிக்காமல் __ஜிஎஃப்பி_நோவோர்ன் கொடியைப் போட்டு மறைத்த ட்ரைவர்களும் உண்டு. உங்கள் மூல நிரலில் அது இருந்தால், மாற்று வழி எழுதாத இடங்களிலிருந்து எடுத்துவிடுங்கள். பழுது பார்ப்பவருக்கு இருக்கும் ஒரே தடயம் அந்த வரிதான்.

வன்னியில் இந்தப் பழுது ஒளிந்துகொள்ள இன்னொரு வழியும் இருக்கிறது. மின்வெட்டில் அடிக்கடி நின்று எழும் கணினியில் நினைவகம் சிதறவே நேரமில்லை. ஒவ்வொரு பூட்டுக்கும் களம் கூட்டிய மாதிரி எல்லாம் வெறுமையாக இருக்கும், ஓடர் 10 கேட்டவுடன் கிடைக்கும். பிறகு ஆலைக்காரர் செலவழித்து யூபிஎஸ் வாங்கிப் பூட்டுகிறார். கணினி இரண்டு மூன்று கிழமை நிற்காமல் ஓடுகிறது. இடையில் சோட்டர் மென்பொருளை யாரோ நிறுத்தித் தொடங்க, கமரா வரவில்லை. பழி யூபிஎஸ்ஸுக்கு. யூபிஎஸ் செய்ததெல்லாம் ட்ரைவரில் முதல் நாளிலிருந்தே கிடந்த குறையை வெளியே கொண்டு வந்ததுதான். ஆகவே ட்ரைவரைச் சோதிப்பவர் கணினியைத் திரும்பத் திரும்ப ரீபூட் செய்து "நூறு தடவை பார்த்தேன், சரி" என்று சொல்வதில் பொருளில்லை. ரீபூட் செய்யாமல், பெரிய கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டும் ஏதாவது தொகுத்துக்கொண்டும் இருக்கும்போது ட்ரைவரை இறக்கி ஏற்றிப் பாருங்கள். அந்தச் சோதனையில் தேறினால் நம்பலாம்.

/ப்ரொக்/சிஸ்/வீஎம்/கொம்பாக்ட்_மெமரி கோப்பில் 1 என்று எழுதினால் கேர்னல் பக்கங்களை ஒதுக்கிச் சேர்த்துப் பெரிய கட்டுகள் ஆக்க முயலும். அதற்கு முன் ட்ரொப்_கஷஸ் கோப்பில் 3 எழுதினால் வாய்ப்புக் கூடும். காரணம் சிதறல்தான் என்று உறுதிப்படுத்த இது நல்ல வழி. ஆலையில் இதையே ஸ்கிரிப்டாகப் போட்டு நிரந்தர மருந்தாக்க வேண்டாம். கேர்னலின் சொந்தக் கட்டமைப்புகள் இருக்கும் பக்கங்கள் நகராது, அதில் ஒன்று நடுவில் இருந்தாலே ஓடர் 10 உருவாகாது.

பெரிய பஃபருக்குக் கேமலொக்: ஐந்துக்கு ஒன்று.

வீமலொக்

மெய்நிகர் முகவரியில் ஒரே நீளமாகத் தெரியும். கீழே பௌதிகப் பக்கங்கள் எங்கெங்கோ கிடக்கும். சிபியு மட்டும் தொடும் பெரிய அட்டவணைக்கு, நிறத் தேடல் பட்டியலுக்கு, இது மிக நல்லது. 2017ல் 4.12 இல் வந்த கேவீமலொக் இன்னும் வசதி: முதலில் கேமலொக்கை முயன்று, கிடைக்காவிட்டால் வீமலொக்குக்கு மாறும். கேவீஃப்ரீ கொண்டு விடுவித்தால் போதும்.

சாதனம் நேரே எழுதும் டிஎம்ஏ பஃபருக்கு வீமலொக் ஆகாது. கமரா அட்டைக்கு ஒரு தொடக்க முகவரியும் நீளமும் மட்டும் கொடுத்தால், அது முதற் பக்கத்தைத் தாண்டியதும் அடுத்தவருடைய நினைவகத்தில் எழுதும். படம் முதல் வரியும் சொச்சமும் மட்டும் சரியாக வந்து கீழே குப்பையாகத் தெரிந்தால் இதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். புள்ளிக்கு 2 பைட் என்றால் 1920 புள்ளி வரி 3840 பைட்; 4096இல் முதல் வரியும் இரண்டாவது வரியின் தொடக்கமும் மட்டுமே அடங்கும்.

சிஎம்ஏ வேலை செய்யும் விதம்

ஆலையின் சீமெந்துக் களத்தை நினைத்துப் பாருங்கள். களம் ஆலைக்குரியது. அவித்த நெல் காயப் போடாத நாட்களில் அக்கம்பக்கத்தார் உளுந்தோ கச்சானோ பரப்பிக்கொள்ளலாம். ஆனால் ஆலைக்காரர் வந்து கேட்டால் உடனே அள்ளிக்கொண்டு போக வேண்டும். சிஎம்ஏ பூட் நேரத்தில் ஒரு பரப்பை இப்படித்தான் ஒதுக்குகிறது. ட்ரைவர் கேட்காதபோது நகர்த்தக்கூடிய பக்கங்கள் மட்டும், அதாவது நிரல்களின் தரவும், வாசித்த கோப்புகளின் படியை வைக்கும் கோப்புக் கேஷும், அங்கே தங்கலாம். ட்ரைவர் கேட்டதும் கேர்னல் அவற்றை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு ஒரே துண்டாகக் கையில் தரும். யாராவது களத்தின் நடுவில் கட்டை அறைந்துவிட்டால்தான் சிக்கல். அதற்குப் பிறகு வருவோம்.

ட்ரைவர் சிஎம்ஏயை நேரே அழைப்பதில்லை. டிஎம்ஏ_அலொக்_கொஹியரண்ட் என்று கேட்டால் போதும். அளவு ஒரு பக்கத்தைத் தாண்டி, காத்திருக்கக்கூடிய சூழலில் ஜிஎஃப்பி_கேர்னல் கொடியோடு கேட்டால், கீழே சிஎம்ஏ வேலை செய்யும். ஜிஎஃப்பி_அட்டமிக் கொடியோடு சாதனம் குறுக்கிட்டு அழைக்கும் இன்டரப்ட்டுக்குள் நின்று கேட்டால் சிஎம்ஏ கிடைக்காது, ஏனென்றால் பக்கங்களை நகர்த்தக் காத்திருக்க வேண்டும். கேட்க முன்னம் டிஎம்ஏ_செட்_மாஸ்க்_அண்ட்_கொஹியரண்ட் மூலம் சாதனம் எத்தனை பிட் முகவரியைத் தொடும் என்று சொல்லி, திரும்பி வரும் பெறுமதியைச் சரிபாருங்கள். 5.0 பதிப்பிலிருந்து இது எப்போதும் பூச்சியமாக்கிய நினைவகத்தையே தருகிறது. தனியே துடைக்கத் தேவையில்லை.

கேமலொக்கைப் போல இரண்டின் அடுக்குக்கு இது தூக்குவதில்லை. 2025 பக்கம் கேட்டால் 2025தான். தொடக்கத்தை மட்டும் ஒழுங்குபடுத்தும். வழமையான அமைப்பில் 256 பக்க எல்லையில், அதாவது 1 மெகாபைட் எல்லையில். நமது நான்கு பஃபரும் அதனால் 8 மெகாபைட்டுக்கு ஒன்றாக உட்காரும், இடையில் 23 பக்கம் மிஞ்சும்.

எவ்வளவு ஒதுக்குவது, எங்கே எழுதுவது

கேர்னல் மூலத்தில், மேசைக் கணினி வகை தவிர்த்து, சிஎம்ஏயின் இயல்பான அளவு 16 மெகாபைட். நமது 31.6க்கு அது பாதி. 32 என்று குறித்தால் கணக்கில் அடங்கும், நடைமுறையில் அடங்காது: ராஸ்பெரி பையில் திரைக்குப் போகும் படமும் இதே களத்திலிருந்துதான் எடுக்கிறது. 1920 × 1080 திரைக்கு இரட்டைப் பஃபர் என்றால் அதுவே ஏறக்குறைய 16 மெகாபைட். ஆகவே இந்த வேலைக்கு 64 ஆகக் குறைந்தது, 128 நிம்மதி. அதற்கு மேலே தேவையில்லாமல் ஏற்றினால், கேர்னலின் நகராத பக்கங்களுக்கு மிஞ்சும் இடம் குறையும். 1 ஜிபி போர்டில் இது உறைக்கும்.

பை 4 இல் பூட் பிரிவிலுள்ள கொன்ஃபிக் கோப்பில் "வீசி4-கேஎம்எஸ்-வீ3டி" ஓவர்லே வரியின் வாலில் கொமா இட்டு "சிஎம்ஏ-128" என்று சேர்க்கலாம். இல்லாவிட்டால் கேர்னல் பூட் ஆகும்போது வாசிக்கும் கொமாண்ட் லைனில் "சிஎம்ஏ=128எம்". இரண்டிலும் எழுத வேண்டாம். கொமாண்ட் லைன்தான் வெல்லும், பிறகு கொன்ஃபிக்கை மாற்றிவிட்டு ஏன் அளவு மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரிடும். பூட் ஆனதும் டிமெசெக்கில் சிஎம்ஏக்கு 128 மெகாபைட் ஒதுக்கியதாக ஒரு வரியும், /ப்ரொக்/மெம்இன்ஃபோ கோப்பில் சிஎம்ஏடோட்டல் 131072 கிலோபைட் என்பதும் இருந்தால் சரி.

போர்டு வாங்குவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பை 4 இன் சில டிஎம்ஏ பாகங்கள் முதல் 1 ஜிபி நினைவகத்தை மட்டுமே தொடும். சிஎம்ஏ களம் அதற்குள்தான் இருந்தாக வேண்டும். பெரிய பஃபர் வேண்டும் என்பதற்காக மட்டும் 4 ஜிபியை விட்டு 8 ஜிபி போர்டுக்குக் காசு கொட்ட வேண்டாம். கூடுதல் 4 ஜிபி மற்ற நிரல்களுக்கு உதவும், கமராப் பஃபருக்கு ஒரு பைட்கூடக் கூட்டாது.

மேசைக் கணினியில் முதலில் பூட் அடைவிலுள்ள கொன்ஃபிக் கோப்பில் கொன்ஃபிக்_டிஎம்ஏ_சிஎம்ஏ என்பது "வை" ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிஎம்ஏ கேட்கும் ட்ரைவருக்குக் கொமாண்ட் லைனில் எழுதியது எதுவும் போய்ச் சேராது. கேர்னலைத் திரும்பத் தொகுக்க வேண்டும், அல்லது கீழே வரும் மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும்.

எங்கே வழுக்கும்

பழுது வந்தால் டிமெசெக்கில் "சிஎம்ஏ_அலொக்: அலொக் ஃபெயில்ட், ரெக்-சைஸ்: 2025 பேஜஸ், ரெட்: -12" என்பது போன்ற வரி இருக்கும். கடைசி எண்ணைக் கூர்ந்து பாருங்கள். -12 என்றால் களத்தில் அந்த நீளத்துக்கு ஒதுக்கப்படாத இடமே இல்லை. வேறு ட்ரைவர்கள் எடுத்து வைத்திருக்கின்றன. அளவைக் கூட்டுங்கள், அல்லது யார் எடுத்தது என்று தேடுங்கள். -16 என்றால் இடம் இருக்கிறது, ஆனால் அங்கே தங்கியிருந்த பக்கத்தை நகர்த்த முடியவில்லை. மேலே சொன்ன அறைந்த கட்டை இதுதான்: ஏதோ ஒன்று அந்தப் பக்கத்தை நகரவிடாமல் பிடித்திருக்கிறது, அல்லது அதன்மேல் எழுத்து வேலை நடந்துகொண்டிருக்கிறது. -16க்கு அளவைக் கூட்டுவது அரை மருந்து. முழு மருந்து, நிரல்கள் ஓடத் தொடங்க முன்னம், ட்ரைவர் சாதனத்தைக் கண்டு தொடங்கும் ப்ரோப் கட்டத்திலேயே நான்கு பஃபரையும் எடுத்து வைத்துக்கொள்வது.

மெம்இன்ஃபோவில் சிஎம்ஏஃப்ரீ எண் குறைந்திருப்பதைப் பார்த்துப் பதறுவோர் உண்டு. கோப்புக் கேஷ் களத்தில் தங்கினாலே அந்த எண் விழும்; ட்ரைவர் கேட்டால் அவை நகரும். அந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேர்னலில் டீபக்எஃப்எஸ் ஆதரவு தொகுக்கப்பட்டிருந்தால் /சிஸ்/கேர்னல்/டீபக்/சிஎம்ஏ அடைவில் "மக்ஸ்சங்க்" என்ற கோப்பு இருக்கும். ஒதுக்கப்படாமல் ஒரே நீளமாக எவ்வளவு உள்ளது என்று அது சொல்லும். பார்க்க வேண்டியது அதைத்தான். 5.13 பதிப்பிலிருந்து எத்தனை பக்கம் வெற்றியாகக் கிடைத்தது, எத்தனை தவறியது என்ற எண்ணிக்கையையும் சிஸ்எஃப்எஸ் வழியாகப் பெற அமைக்கலாம்.

அடுத்த வழுக்கல் வேகம். பை 4 இல் கமராவின் டிஎம்ஏயும், சிபியு தன்னருகே வைக்கும் வேக நினைவகமான கேஷும் தாமாக ஒத்துப்போவதில்லை. ஆகவே கொஹியரண்ட் என்று வாங்கிய பஃபரைச் சிபியு கேஷ் இல்லாமலே வாசிக்கும். ஃபிரேமைத் திரைக்கு அனுப்ப மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு மணியின் ஓரத்தையும் தேடிப் பக்கத்துப் புள்ளிகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் நிரல் அங்கேயே நேரே வேலை செய்தால் ஆமை வேகம். "பை போதாது" என்று போர்டைத் தூக்கி எறிய முன்னம் இதைப் பாருங்கள். எளிய வழி, வேண்டிய வரிகளைச் சாதாரண நினைவகத்துக்கு ஒரே மூச்சில் படியெடுத்து அங்கே தேடுவது. நல்ல வழி, 5.10 பதிப்பில் வந்த டிஎம்ஏ_அலொக்_பேஜஸ் கொண்டு எடுத்து, ஃபிரேம் நிரம்பியதும் டிஎம்ஏ_சிங்க்_சிங்கிள்_ஃபோர்_சிபியு, கமராவிடம் திருப்பிக் கொடுக்க முன் டிஎம்ஏ_சிங்க்_சிங்கிள்_ஃபோர்_டிவைஸ் என்று அழைப்பது. இந்த இரண்டில் ஒன்றை மறந்தால், பழைய ஃபிரேமின் கீற்றுகள் 64 பைட் அகலத்தில் புதிய படத்தில் ஆங்காங்கே தெரியும். அரிசியில் கறுப்பு மணி இல்லாத இடத்தில் காற்று வால்வு அடித்துக்கொண்டிருந்தால் அதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். மேசைக் கணினியில் டிஎம்ஏ கேஷோடு ஒத்துப்போகும்; இந்தத் தொல்லை அங்கே இல்லை.

பயனர் நிரலுக்குப் பஃபரைக் காட்ட டிஎம்ஏ_எம்மப்_கொஹியரண்ட் பாவியுங்கள். கொஹியரண்ட் முகவரியை வர்ச்_டு_பேஜில் போட்டுப் பக்கம் தேடும் பழைய நிரல்கள் ஒரு பொறியில் ஓடும், அடுத்ததில் விழும்.

தனிக் களம் வைத்திருப்பது

சிஎம்ஏயின் பெரிய குறை, பொதுக் களத்தில் போட்டி இருப்பது. இதற்கு அழகான தீர்வு, போர்டின் பாகங்களைக் கேர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் கமராவுக்கென்று தனி ரிசேர்வ்ட்-மெமரி நோட் எழுதுவது. "ஷெயார்ட்-டிஎம்ஏ-பூல்" என்று வகை குறித்து, "ரீயூசபிள்" சேர்த்தால் கமராவுக்கு மட்டுமான சிஎம்ஏ; "நோ-மப்" சேர்த்தால் வேறு எவரும் கால் வைக்காத நிலம். கமரா நோட்டில் "மெமரி-ரீஜன்" மூலம் இணைத்து, ப்ரோப்பில் ஒஃப்_ரிசேர்வ்ட்_மெம்_டிவைஸ்_இனிட் அழைத்துவிட்டால், அதன் பிறகு டிஎம்ஏ_அலொக்_கொஹியரண்ட் அங்கிருந்தே எடுக்கும். தொடக்கமும் அளவும் 4 மெகாபைட் எல்லையில் இருக்கட்டும். பிசகினால் "இன்கரெக்ட் அலைன்மென்ட் ஒஃப் சிஎம்ஏ ரீஜன்" என்று பூட்டிலேயே திட்டு விழும். நாள் முழுக்க சோட்டர் ஓடும் போர்டுக்கு இதற்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கத் தயக்கமில்லை.

மேசைக் கணினியில் டிவைஸ் ட்ரீ இல்லை. கொமாண்ட் லைனில் "மெம்மப்=128எம்$" என்று தொடங்கி முகவரி கொடுத்து ஒரு பரப்பை மறைக்கலாம். டொலர் குறியை, கேர்னலை ஏற்றும் க்ரப் நிரல் தன்னுடைய மாறியாக எடுத்து விழுங்கிவிடும். பின்சாய்கோடு இட்டுக் காப்பாற்றி, ப்ரொக் அடைவிலுள்ள சிஎம்டிலைன் கோப்பில் குறி அப்படியே வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள். அடுத்த வருடம் மதர்போர்டை மாற்றுபவருக்கு அந்த முகவரி பொருந்தாமல் போகலாம் என்பதைப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

ஸ்கட்டர்-கதர் உள்ள அட்டை என்றால்

அட்டை தானே முகவரிப் பட்டியலைப் படித்துத் துண்டு துண்டான பக்கங்களில் எழுதுமென்றால் மேலே சொன்ன பாடுகள் எதுவும் வேண்டாம். 2025 பக்கத்துக்கு ஒரு குறிப்புக்கு 16 பைட் என்று வைத்தாலும் பட்டியல் 32,400 பைட். 32,768க்குள், அதாவது கேர்னல் விடாப்பிடியாகத் தேடித் தரும் ஓடர் 3 க்குள், அடங்குகிறது. வீடியோ ட்ரைவர் எழுதுவோர், கேர்னலின் வீடியோப் பஃபர் பகுதியான வீடியோபஃப்2 இல் "டிஎம்ஏ-கொன்டிக்" இருக்கும் இடத்தில் "டிஎம்ஏ-எஸ்ஜி" எடுத்தால் வேலை பாதி முடிந்தது. சாதனம் பார்க்கும் முகவரியை மாற்றிக் கொடுக்கும் ஐஓஎம்எம்யூ உள்ள கணினியில் அதை இயக்கி வைத்தால், சிதறிய பக்கங்களையே அட்டைக்கு ஒட்டிய முகவரியாகக் காட்டவும் முடியும்.

அதனால் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இணையத்திலோ அட்டை வாங்க முன்னம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஸ்கட்டர்-கதர் உண்டா, 64 பிட் முகவரி தொடுமா, லினக்ஸ் ட்ரைவரின் மூல நிரல் தருவீர்களா. இரண்டாவதற்கு "32 பிட் மட்டும்" என்று பதில் வந்தால், ஐஓஎம்எம்யூ இல்லாமல் 4 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினியில் கேர்னல் இடைநிலைப் பஃபர் வழியாகப் படியெடுக்க வேண்டிவரும். அதன் மொத்தம் வழமையாக 64 மெகாபைட், ஒரு தடவைக்கு ஆகக் கூடியது 256 கிலோபைட். 8 மெகாபைட் ஃபிரேமை ஒரே துண்டாக அதன் வழியே அனுப்ப முடியாது. மூன்றாவதற்கு "இல்லை" என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கேர்னல் ஒரு பதிப்பு ஏறியதும் அது அலுமாரிக்குள் போகும்.

விடுவிக்கும் வரிசை

எடுப்பதைப் பற்றி இவ்வளவு கவனம் எடுப்பவர்கள் விடுவிப்பதில் சறுக்குகிறார்கள். ட்ரைவர் இறங்கும்போது முதலில் கமராவின் ஓட்டத்தை நிறுத்துங்கள். நிறுத்தச் சொன்னால் போதாது, நின்றுவிட்டது என்று அதன் நிலைப் பதிவேடு காட்டும்வரை காலவரையோடு காத்திருங்கள். பிறகு இன்டரப்ட்டை விடுவித்து, பிசிஐஇ அட்டை என்றால் பிசிஐ_கிளியர்_மாஸ்டர் அழைத்து, கடைசியாகத்தான் டிஎம்ஏ_ஃப்ரீ_கொஹியரண்ட். எடுத்தபோது கொடுத்த அதே அளவு, அதே டிஎம்ஏ முகவரி. தானாக விடுவிக்கும் டிஎம்ஏஎம் வகையைப் பாவித்தால், நினைவகம், ட்ரைவர் இறங்கும்போது ஓடும் ரிமூவ் செயற்கூறு முடிந்த பிறகே போகும். அட்டையை ரிமூவுக்குள்ளேயே நிறுத்தியிருக்க வேண்டும். வரிசை மாறினால், திருப்பிக் கொடுத்த அந்த 8 மெகாபைட்டை கேர்னல் ஏதோ கோப்பின் கேஷுக்குக் கொடுத்திருக்கும், கமரா இன்னும் அதன்மேல் அரிசிப் படத்தை எழுதிக்கொண்டிருக்கும், அந்தக் கேஷ் அப்படியே எஸ்டி கார்டுக்குப் போய்ச் சேரும். அடுத்த பூட்டில் கோப்பு முறைமை பழுது என்று வந்தால், கார்டை மாற்ற முன்னம் ரிமூவ் செயற்கூற்றைத் திறந்து பாருங்கள்.